குங்குமம் வைத்த சிடி

போன வாரம் அக்கா மகள் அமுதா சென்னையிலிருந்து போன் செய்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் பெரிய திரை வைத்து, மாப்பிள்ளையும் பெண்ணும் குழந்தையாக இருந்தபோது எடுத்த வீடியோவை ஓட்டப்போகிறார்களாம். மாப்பிள்ளைக்கு மொட்டையடித்த நாளிலிருந்து எல்லாம் அவர்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம். "சித்தி, நீதான அப்ப கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்த? என்னுது எங்க இருக்குது?" என்று கேட்டாள். ஏதோ அவளுடைய நகையை வாங்கி வைத்துக்கொண்டு நான் தராமல் இருப்பதுபோல.

இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு எதையும் ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியாது என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். அவள் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். மிச்சத்தை நீங்கள் கேளுங்கள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் இருந்தது அந்தக் கடை. டைப்பிங், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, அதோடு சிடி எழுதுவது. டிவிடியாக இருந்தாலும் எங்களுக்கு எல்லாம் சிடிதான். படிப்பு முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை. வெயில் ஏறினால் அறை முழுக்கச் சூடான பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த லேமினேஷன் வாசனை. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். ஆனால் திறக்க விடமாட்டார்கள். தூசி வந்தால் சிடி ரைட்டர் கெட்டுவிடும் என்று முதலாளி பாபு அண்ணன் கத்துவார். கோட்டையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். நாங்கள் எதிரிலேயே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

எழுதி முடித்த சிடியை வெளியே எடுக்கும்போது வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு எனக்குப் பிடிக்கும். வேலை செய்தது என்னவோ இயந்திரம், பெருமை மட்டும் எனக்கு.

அக்கா கலாவைச் சிங்கவரத்தில் கொடுத்திருந்தோம். கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே மாமா மஸ்கட்டுக்கு ஏசி மெக்கானிக் வேலைக்குப் போய்விட்டார். அமுதா பிறந்தபோது அவர் இங்கே இல்லை. அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தார். அவருடைய குழந்தை அவரைப் பார்த்து அலறியது. லீவு முடிகிறவரை கிட்டேயே போகவில்லை. குழந்தை தூங்கின பிறகுதான் அவர் அதைத் தொட்டுப் பார்ப்பாராம். அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்:

"எம் புருசன் வந்து எறங்கறப்ப எம் பொண்ணு அழக் கூடாதுடி. நைனான்னு தெரிஞ்சி கிட்ட போவணும். அவ்ளோதான்."

அவ்ளோதான் என்று அக்கா சொல்லிவிட்டால் அவ்வளவுதான். உடும்புப்பிடி. சின்ன வயதில் என் பாவாடையை அவள் எடுத்துக்கொண்டபோதே எனக்கு அது தெரியும்.

முதலில் மாமா போட்டோவைக் காட்டினாள். குழந்தை அதைக் கடித்தது. பிரவுசிங் சென்டருக்குத் தூக்கிப்போய் கம்ப்யூட்டரில் மாமாவோடு பேச வைத்தாள். மாமா வாயைத் திறந்தபடியே படம் உறைந்து நின்றுவிட, குழந்தை பயந்து வீரிட்டது. அப்புறம்தான் மாமா அந்த சிடியை அனுப்பினார். அவரோடு தங்கியிருந்தவரிடம் கேமராவும் கம்ப்யூட்டரும் இருந்தன. கட்டிலில் உட்கார்ந்து, மார்புவரை தெரிகிற மாதிரி, "அமுதா, சாப்டியா? நைனா பாரு, இங்க பாரு" என்று பேசி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். அழித்து அழித்து எழுதக்கூடிய வகை சிடி அது. அக்கா தினமும் அதைப் போட்டுக் காட்டினாள். குழந்தை மெல்ல டிவியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது.

பதில் அனுப்பவேண்டும் என்று அக்கா கடைக்கு வந்தபோது நான் மேதாவித்தனமாக, "வேற சிடில எழுதித் தரேன்க்கா. இதை நீ வச்சுக்கோ" என்றேன்.

"வேணாம். இதுலயே எழுது."

"அவரு பேசனதெல்லாம் அழிஞ்சிடுமே."

"அழியட்டும். இன்னொண்ணு கையில இருந்தா, பதில் அனுப்ப அவருக்கும் சோம்பல் வந்துடும், எனக்கும் வந்துடும். ஒண்ணுதான்னா அனுப்பித்தான ஆவணும்?"

அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஒரே சிடி. ஊருக்கு வருகிறவர், போகிறவர் யார் பையிலாவது அது போய்வந்தது. மாமா பேசியதை அழித்து நாங்கள் குழந்தையை எழுதுவோம். அங்கே குழந்தையை ஆசைதீரப் பார்த்துவிட்டு, அதை அழித்து மாமா பேசி அனுப்புவார். குப்புற விழுந்தது, பல் முளைத்தது, காது குத்தும்போது அழுதது, எல்லாம் இப்படித்தான் போயின. கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைக்கலாமே என்பீர்கள். கடைக் கம்ப்யூட்டரில் அவ்வளவு இடம் ஏது? கல்யாண வீடியோக்கள் நிரம்பி வழியும். பாபு அண்ணன் அவ்வப்போது துடைத்துவிடுவார்.

அமுதா நடக்க ஆரம்பித்தாள். பாபு அண்ணனிடம் கெஞ்சி கேமராவை வாங்கிப்போய், களத்தில் காயப்போட்ட வேர்க்கடலை ஓரமாக அவள் தத்தித் தத்தி வந்ததை எடுத்தேன். சிடியில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். மாமாவின் கம்பெனியில் வேலை செய்யும் ஏழுமலை லீவு முடிந்து மறுநாள் மாலை பஸ்ஸில் சென்னைக்குப் புறப்படுகிறார். அவரிடம் கொடுத்தால் வேலை முடிந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்காவின் மாமியாரை நான் அத்தை என்பேன். எந்தப் பொருள் வீட்டுக்கு வந்தாலும், வீட்டைவிட்டுத் தூரம் போனாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைக்காமல் அத்தைக்கு ஆகாது. புது மிக்ஸிக்கும் வைப்பார், மருந்துத் தெளிப்பானுக்கும் வைப்பார். பேத்தி நடப்பது கடல் தாண்டிப் போகிறது, சும்மா அனுப்ப முடியுமா? சந்தனத்தைக் குழைத்து, மேலே குங்குமம் வைத்து, சிடியில் மூன்று பொட்டு வைத்துவிட்டார். பளபளக்கிற பக்கத்தில். ஏன் அந்தப் பக்கம் என்று பிறகு கேட்டதற்கு, "பளபளன்னு இருக்கறதுதான மூஞ்சி? எழுதி இருக்கறது முதுகுதான?" என்றார். அவர் சொன்னதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொடுப்பதற்கு முன்னால் ஒருதரம் போட்டுப்பார்ப்பது அக்காவின் வழக்கம். ஓடவில்லை. காய்ந்துபோன பொட்டைப் பதற்றத்தில் முந்தானையால் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். குங்குமப்பொடி வட்டமாகக் கீறிவிட்டது. உச்சி வெயிலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து நின்றாள். நான் ஷாம்பு போட்டுக் கழுவினேன். பொட்டு போனது, கீறல் போகவில்லை. போட்டுப்பார்த்தால், திரையில் குழந்தை முதல் அடி வைக்கக் காலைத் தூக்கும், படம் அப்படியே நின்றுவிடும்.

எடுத்த கேசட் இருக்கிறதா என்று தேடினேன். கேமரா காலையிலேயே அவலூர்பேட்டைக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. கூடவே கேசட்டும் போயிருந்தது, அதன் மேலேயே கல்யாணத்தைப் பதிவு செய்ய. கம்ப்யூட்டரிலும் பாபு அண்ணன் துடைத்துவிட்டார். அழித்து எழுதுகிற புத்தி எங்கள் எல்லோருக்குமே ஒட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த ஆள் போறப்ப அனுப்பலாம்க்கா."

"அடுத்த ஆள் போறதுக்குள்ள இவ ஓடிடுவாடி. நடக்கறத அவரு எப்ப பாக்கறது? வா, போவலாம்."

"எங்க?"

"அவலூர்பேட்டைக்கு. கேமரா அங்கதான இருக்குது?"

 அக்கா பாபு அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அலமாரியிலிருந்து புதுக் கேசட் ஒன்றை எடுத்து அவரே நீட்டினார்.

நாங்கள் போய்ச்சேர்ந்தபோது தாலி கட்டியாகி, பந்தி நடந்துகொண்டிருந்தது. கேமராக்காரர் பாயசத்துக்குக் காத்திருந்தார். அக்கா அவர் இலைக்கு எதிரேயே போய் நின்றாள். மனிதர் பாயசத்தைக் குடித்தாரோ விழுங்கினாரோ, எழுந்து வந்து கேசட்டை மாற்றினார். மண்டபத்து நாற்காலிகளுக்கு நடுவில் குழந்தையை நிறுத்தினோம். அது உட்கார்ந்துகொண்டது. நிறுத்தினால் மறுபடி உட்கார்ந்தது. நான் கிலுகிலுப்பை ஆட்டினேன், குரங்குபோல் குதித்தேன். கல்யாணக் கூட்டம் என்னைத்தான் வேடிக்கை பார்த்தது. அக்கா முகத்தில் வேர்வை வழிகிறது. பஸ்ஸுக்கு நேரமாகிறது.

மேடையிலிருந்த கல்யாணப் பெண், "இன்னாக்கா ஆச்சு?" என்று கேட்டாள். அக்கா இருந்த இடத்திலிருந்தே உரக்கச் சொன்னாள்: "இவ நைனா மஸ்கட்ல இருக்கறாரு. நடக்கறத அவருக்குக் காட்டணும். நடக்க மாட்டன்றா." அந்தப் பெண் மாலையும் கழுத்துமாக மேடையைவிட்டு இறங்கி வந்து, தரையில் குந்தி இரண்டு கையையும் நீட்டினாள். மாலையில் ரோஜாப்பூ ஆடியதுதான் காரணமாக இருக்கவேண்டும். அமுதா எழுந்து, அவ்வளவு பேருக்கு நடுவே, விழாமல் நடந்து போனாள். "பாருங்க, உங்க பொண்ணு நடக்கறா பாருங்க" என்று அக்கா கேமராவைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடைக்கு ஓடிவந்தோம். கேசட்டை ஓட்ட மட்டும் உதவும் ஒரு பழைய கேமரா கடையில் கிடந்தது. அதை மாட்டி, புதுசு வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டதால், கீறல் விழுந்த அதே சிடியை முழுசாக அழித்து, மெல்ல எழுதினால் கீறலைத் தாண்டிப் பதியும் என்று நம்பி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் எழுதவிட்டேன். பாதியில் கரண்ட் போனது. யூபிஎஸ் அலறியது. எழுதும்போது நின்றால் எல்லாம் பாழ். பாபு அண்ணன் பேட்டரி தாங்கட்டும் என்று ஒவ்வொன்றாக அணைத்து, கடைசியில் மானிட்டரையும் அணைத்தார். உள்ளே எழுதுகிறதா இல்லையா என்று பார்க்க வழியில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்தாள்.

"சுத்துதுடி," என்றாள். கொஞ்சநேரம் கழித்து மறுபடியும், "சுத்துது."

தட்டு தானாக வெளியே வந்ததும் எடுத்துக்கொண்டு படியிறங்கினோம். பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அக்கா குழந்தையோடு அதற்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஏழுமலை ஜன்னல் வழியாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

மாமா அதைப் பார்த்தார். அவருடைய அறையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்து, "யாரு கல்யாணம்டா இது?" என்று கேட்டார்களாம். பதில் சொல்லி அனுப்புவதற்காக அவர் சிடியை அழித்தும் வைத்துவிட்டார். இங்கே அந்தப் புதுக் கேசட்டும் அடுத்த கல்யாணத்துக்குப் போயிருந்தது. பேசி எழுதுவதற்குள் லீவு கிடைத்துவிட்டது. பதிலுக்கு அவரே வந்தார்.

சிங்கவரத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கி, குழந்தை பயந்துவிடுமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அக்கா குழந்தையைக் கீழே விட்டாள். அமுதா அழவில்லை. நேராக நடந்துபோய் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். டிவியில் அவரை முன்பக்கம் மட்டும்தானே பார்த்திருக்கிறாள். பின்னாலும் மனிதர் இருக்கிறாரா என்று பார்த்து, அவர் காலைக் கையால் தட்டி, "நைனா" என்றாள். அன்றுதான் என் அக்கா அழுது நான் பார்த்தேன். நானும் அழுதேன். அழாத ஒரே ஆள் அமுதாதான்.

இப்போது அந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். புது லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை. மாமா திரும்பி வந்து வேர்க்கடலை போடத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அமுதா குழந்தையாக இருந்ததில் ஒரு நொடிகூட எங்கேயும் பதிவாக இல்லை.

நேற்று அக்காவுக்குப் போன் செய்து, ஒரு நகலாவது எடுத்து வைத்திருக்கலாம் இல்லையா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? அழிச்சி அழிச்சி அனுப்பனதாலதான்டி அவ அவரைப் பார்த்து அழல. திரையில காட்ட ஒண்ணும் இல்லன்னா இன்னா, அவ நைனாவ மேடையில நிக்கச் சொல்லு. முன்னாலயும் பார்க்கட்டும், பின்னாலயும் பார்க்கட்டும்."