ஐந்து கால் குதிரை

பின்னால் மூன்று படிகள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. முகம் கூட்டத்தின் பக்கம், முதுகு படிகளின் பக்கம். பேச்சு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, வலது குதிகால் மட்டும் விளிம்பைத் தடவிப் பார்த்து ஒவ்வொரு படியாக இறங்குகிறது. இந்தப் பழைய அரண்மனைக்குள் இருபத்தாறு வருடமாக வெளிநாட்டுப் பயணிகளைப் பின்னோக்கி நடந்தே கூட்டிப் போகிற கைடு அவர். ஒருமுறைகூட விழுந்ததில்லை. எங்களுக்குள் அவருக்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

“வந்தவங்களுக்கு முதுகைக் காட்டக் கூடாதுக்கா. காட்டினா அடுத்த நிமிஷம் ஆளுக்கொரு பக்கம் போயிடுவாங்க” என்பார். நான் இங்கே டிக்கெட் கொடுப்பவள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே எனக்குத் தலை நரைத்தது. எல்லோரையும் நோட்டம் விடுவதைத் தவிர எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை.

காய்கறிக் கடைக்குப் போனாலும் இதே நடைதானாம். பையோடு மனைவி வர, அவள் முகத்தைப் பார்த்துப் பேசியபடி இவர் பின்னாலேயே நகர்வாராம். “என்னைக்காவது லாரிக்காரன்கிட்ட வாங்கிக் கட்டிக்கப் போறாரு” என்று அந்த அம்மாள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஐந்து மொழி பேசுவார். ஐந்திலும் ஒரே ஜோக்கைத்தான் சொல்வார். அதற்கும் கேட்பவர்களுக்கு முன்னால் அவரே சிரித்துவிடுவார். சட்டைப் பையில் எப்போதும் பெப்பர்மின்ட் இருக்கும், தலைசுற்றும் வயசானவர்களுக்கு. ஒவ்வொரு கதவைத் தாண்டும்போதும் உதடு அசையும். தலைகளை எண்ணுகிறார் என்று அர்த்தம்.

என் கவுண்டரை ஒட்டினாற்போல் இருப்பதுதான் குதிரை மண்டபம். மேலே குவிந்த கூரை முழுக்க நாற்பது குதிரைகளை வரைந்திருக்கிறார்கள். அதில் ஒன்றுக்கு ஐந்து கால். காலை மாற்றிப் போட்ட ஓவியன் பழைய காலை அழிக்க மறந்துவிட்டான் என்பது இவர் சொல்லும் கதை. கையிலிருக்கும் மஞ்சள் குடையை உயர்த்தி, “எந்தக் குதிரைன்னு கண்டுபிடிக்கிறவங்க என்ன கேட்டாலும் செய்வேன்” என்று அறிவிப்பார். அவ்வளவுதான், எல்லாக் கழுத்தும் மேலே போய்விடும். நாலு நிமிடத்துக்கு ஒருவரும் கீழே பார்க்க மாட்டார்கள். அந்த நேரத்தில் என்னிடம் வந்து தண்ணீர் குடிப்பார், ஷூவைக் கழற்றிக் காலை ஆற்றிக்கொள்வார். கடைசியில் அவரேதான் குதிரையைக் காட்டிக் கொடுப்பார். இத்தனை வருடத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை.

நோய் வந்த வருடம் கூட்டம் மெலிந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு நாட்டுக்காரர்கள் வரவில்லை, பிறகு இன்னொரு நாட்டுக்காரர்கள். கடைசியாக வந்த குழுவில் பதினாலு பேர், எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இரண்டு நாளாக அவர்களோடுதான் இவர் சுற்றிக்கொண்டிருந்தார். அவர்களை மண்டபத்தில் நிறுத்தியபோது டிராவல்ஸ்காரர்களிடமிருந்து போன் வந்தது. இந்தக் குழு வந்த விமானத்தில் ஒருவருக்கு நோய் உறுதியாகிவிட்டது, சுகாதாரத் துறை ஆட்கள் வருகிறார்கள், கூட இருந்த யாரும் நகரக் கூடாது, கைடையும் சேர்த்து அடைத்து வைப்பார்கள் என்று செய்தி. அப்போது அவர் மகள் நிறைமாதமாக வீட்டில் இருந்தாள்.

போனைப் பையில் வைத்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். குடையை உயர்த்தி, ஐந்து கால் குதிரையைத் தேடச் சொன்னார். எல்லாத் தலையும் நிமிர்ந்ததும் குடையைத் தூண் மேல் சாய்த்து வைத்தார், பக்கத்தில்தான் இருக்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்பதற்காக. என்னிடம் வந்து, “அக்கா, பக்கத்துக் கதவைத் திறங்க” என்றார். போனில் வந்ததை ஒரே மூச்சில் சொன்னார். நான் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு, அவர் மூச்சு என் மேல் படாமல் நாலடி தள்ளி நின்றேன். அத்தனை வருடத்தில் அன்றைக்குத்தான் அவர் முதுகைப் பார்த்தேன். சட்டை முழுக்க வேர்த்திருந்தது.

அந்தப் பதினாலு பேரும் குடையைச் சுற்றியே ஒரு மணி நேரம் நின்றார்கள். ஒருவர்கூட அதை விட்டு நகரவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு அது. பிறகு உடம்பெல்லாம் மூடிய வெள்ளை உடையில் ஆட்கள் வந்து அவர்களை வண்டியில் ஏற்றினார்கள். போகும்போது எல்லோரிலும் வயதான ஒரு அம்மாள் குடையைக் கொண்டுவந்து என் கவுண்டர் மேல் வைத்தாள். வெளியே வெயிலைக் காட்டி, இது அவருக்கு வேண்டுமே என்பதுபோல் சைகை செய்தாள். பிறகு கூரையைக் காட்டி, ஐந்து விரலையும் விரித்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். சின்னக் குழந்தையின் பெருமை அந்த முகத்தில். அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதை அவரிடம் சொல்லத்தான் அத்தனை நேரம் காத்திருந்திருக்கிறாள்.

நான் சிரிக்கவில்லை. தலையாட்டவும் இல்லை. அவள் போனதும் அந்தக் குடையைக் கையால் தொடாமல், துடைப்பக் கட்டையால் தள்ளி அலமாரிக்குப் பின்னால் விட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

ஓடிப் போனதற்குப் பலன் ஒன்றுமில்லை. மறுநாளே அவர் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அதற்கு முன்பே மனைவி அவரை மாடி அறைக்கு ஏற்றிவிட்டிருந்தாள். மகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போன காரை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பார்த்தார். பேரன் பிறந்த சேதியை யாரோ கீழேயிருந்து கத்திச் சொன்னார்கள். அவருக்கு நோய் எதுவும் வரவில்லை. அந்தப் பதினாலு பேரும் ஊர் போய்ச் சேர்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. டிராவல்ஸ்காரர்களிடம் கேட்டிருக்கலாம். இரண்டு பேருமே கேட்கவில்லை.

விமானங்கள் நின்றன. என் டிக்கெட் கட்டின் மேல்தாள் பத்தொன்பது மாதம் கிழிபடாமல் கிடந்து பழுப்பேறியது. எதிரே படம் விற்ற கடைக்காரன் முட்டை விற்றான். இவர் ஒரு குடியிருப்பு வாசலில், வருகிறவர்கள் நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டிக்கொண்டு நின்றார். ஐந்து மொழி பேசிய வாயிலிருந்து “அடுத்து” என்ற ஒரு வார்த்தைதான் வந்துகொண்டிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எல்லைகளைத் திறந்த பிறகு லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். அதே பின்நடை, அதே பெப்பர்மின்ட், அதே ஜோக். குடை மட்டும் இல்லை, வெறும் கையைத்தான் தூக்கிக் காட்டினார். குதிரை மண்டபத்தின் பக்கம் மட்டும் யாரையும் விடுவதில்லை. “உள்ள ரிப்பேர் வேலை நடக்குது” என்று ஐந்து மொழியிலும் புளுகினார். மற்ற கைடுகள், “என்னப்பா ரிவர்ஸ், குதிரைங்க லீவா?” என்று கிண்டல் செய்தார்கள். சுற்றுலாக் கையேட்டில் குதிரையைப் பற்றிப் படித்துவிட்டு வந்த பயணிகள் முகம் சுருங்கித் திரும்பினார்கள். இப்படியே போனால் வேலை போய்விடும் என்று டிராவல்ஸ்காரர்கள் எச்சரித்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

போன வாரம் அவர் தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டேன். “தம்பி, உள்ள என்ன ரிப்பேர்?”

“எனக்குத்தான்க்கா” என்றார். சிரிப்பு வரவில்லை, அவருக்கும்.

அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுக் குடையை எடுத்தேன். நூலாம்படையைத் துடைத்து அவர் முன்னால் வைத்தேன். அந்த அம்மாள் கொடுத்ததையும், ஐந்து விரலைக் காட்டியதையும், துடைப்பக் கட்டையையும் சேர்த்து ஒன்று விடாமல் சொன்னேன்.

குடையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “கண்டுபிடிச்சுட்டாங்களா?”

“ஆமா.”

“என்ன கேட்டாலும் செய்வேன்னு சொல்லியிருந்தேனே. என்ன கேட்டாங்க?”

“ஒண்ணும் கேக்கல. வெளிய வெயிலா இருக்கு, உன்கிட்ட குடையைக் குடுத்துடுன்னாங்க.”

படியில் போய் உட்கார்ந்தார், எனக்கு முதுகைக் காட்டி. “எண்ணிக்கூடப் பாக்கலக்கா, அன்னைக்கு” என்றார். கதவைத் திறந்துவிட்டவள் ஆறுதல் சொல்ல என்ன இருக்கிறது.

மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள். மஞ்சள் குடையோடு பின்னோக்கி நடந்து வந்தவர் மண்டபத்து வாசலில் கொஞ்சம் நின்றார். பிறகு உள்ளே கூட்டிப் போனார். எனக்கு மனப்பாடமான அதே வார்த்தைகளைச் சொன்னார், குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. எல்லாத் தலையும் மேலே போயிற்று. நான் வழக்கம்போலத் தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

அவர் வரவில்லை. கூட்டத்தில் ஊன்றுகோலோடு நின்ற ஒரு கிழவியிடம் போய், தன் இடது கையை நீட்டி, விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார். எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி கூரையைப் பார்க்கத் தொடங்கினாள். குதிரைகளைத் தேடுகிற மும்முரத்தில் சற்று நேரத்தில் அவள் பிடி தளர்ந்தது. அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் அவள் விரல்களை எடுத்துத் தன் மணிக்கட்டில் மறுபடியும் வைத்து அழுத்தினார்.