கோள் சொல்லும் சுவிட்ச்

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ‘ட்ராப்’ என்றால் என்ன என்ற கேள்விக்குப் பரீட்சையில் முழு மார்க் எடுத்தவன். கோளாறு வந்தால், யாரும் கேட்காமலே, ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டி தானாக நிர்வாகத் திரைக்கு அனுப்பும் தகவல் அது. பச்சையாகச் சொன்னால், கோள் சொல்வது. அதை வைத்து ஒரு மனுஷனைப் பழிவாங்கலாம் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அக்கா பழிவாங்கிக் காட்டினார்.

அக்கா எங்கள் ஆபீஸ் நெட்வொர்க் அறையின் பொறுப்பாளர். வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். ரிசப்ஷனில் போன் எடுக்க வந்தவர். புருஷன் விட்டுப் போனபிறகு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு படித்துத் தேறி அந்த நாற்காலியைப் பிடித்தார்.

மானேஜருக்கு ஒரு வியாதி. தொங்குகிற வயரைக் கண்டால் கை சும்மா இருக்காது. தன் அறை மேசைக்கடியில் இருந்த குட்டி இணைப்புப் பெட்டியில் ஒருநாள் அப்படிச் சொருகியதில், ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் ஏறிவிட்டது. அதற்கு லூப் என்று பெயர். தகவல் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி, ஆபீஸ் முழுக்க நெட் படுத்துவிட்டது. அக்கா அறை அறையாகத் தவழ்ந்து தேடி அந்த வயரைப் பிடுங்கினார். முதலாளி விசாரித்தபோது மானேஜர் வாய் கூசாமல் சொன்னார்: “போன்ல பிள்ளைங்களக் கொஞ்சிட்டு இருந்தாங்க சார். வயரையும் அவங்களே சொருகி அவங்களே பிடுங்கியிருப்பாங்க.”

மறுக்க ஆதாரமில்லை. அக்கா திரும்ப ரிசப்ஷனுக்குப் போனார். அவர் நாற்காலி எனக்கு வந்தது. முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சில நாள் கழித்து அக்கா என்னிடம் வந்தார். அழவில்லை, கெஞ்சவில்லை. சுவிட்சில் லூப் காவலைப் போடச் சொன்னார். லூப் வந்தால் அந்த வயர் சொருகிய போர்ட், அதாவது அந்தத் துளை மட்டும் மூடிக்கொள்ளும், ட்ராப் கிளம்பும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் அறையின் பெயரை வைக்கச் சொன்னார். மானேஜர் கையெழுத்து வேண்டுமே என்று இழுத்தேன்.

“பாதுகாப்புன்னு எழுது தம்பி. படிக்காமலே போடுவாரு.”

போட்டார்.

முதலாளி அறைகளைச் சுற்றிப் பார்க்க வந்த நாளில், டெலிபோனைச் சோதிக்கும் சாக்கில் மானேஜர் அறைக்குப் போன அக்கா, அந்தப் பெட்டியில் ஒரு வயரின் முனையைச் சொருகி மறுமுனையைத் தொங்கவிட்டு வந்தார். முதலாளி என் அறைக்குள் நுழைந்ததும் அக்கா ரிசப்ஷனிலிருந்து மானேஜருக்குப் போன் போட்டு, அடுத்தது உங்கள் அறைதான் சார் என்றார் பவ்யமாக.

பெரிய திரையில் சிவப்பாக வந்ததை முதலாளியே வாய்விட்டுப் படித்தார்: “மானேஜர் அறை. லூப். போர்ட் மூடப்பட்டது.” நேரே அங்கே நடந்தார். முட்டியெல்லாம் தூசியோடு மேசைக்கடியிலிருந்து மானேஜர் வெளியே வந்துகொண்டிருந்தார்.

“வயர் தொங்கிச்சு சார். எப்பவும் போல சொருகினேன்.”

அந்த ‘எப்பவும் போல’ போதுமாக இருந்தது. சாயங்காலமே அக்கா நெட்வொர்க் அறைப் பொறுப்புக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் மானேஜர் எங்கள் அறை வாசலில் அக்காவிடம் வந்து நின்றார், தன் கம்ப்யூட்டரில் நெட் இல்லையென்று.

“மூடின போர்ட் தானாத் திறக்காது சார். நான்தான் திறக்கணும். அன்னைக்கு நான் போன்ல இல்லைன்னு எல்லாருக்கும் மெயில் போடுங்க.”

“நெட் இல்லாம மெயில் எப்படிம்மா?”

“அப்ப வாயால சொல்லுங்க.”

மேசை மேசையாகப் போய்ச் சொன்னார். எனக்குக் குளுகுளுவென்றிருந்தது. திரும்பி வந்தவரிடம் அக்கா தலை நிமிராமல் கேட்டார், ரிசப்ஷனில் சொன்னாரா என்று.

சொல்லவில்லை. மறுபடி போனார்.