ஆயிரத்து எண்ணூறு கிராம்

தராசு பழுதுபார்க்க வந்தவர் ஒரு கிலோ எடைக்கல்லை மெல்லிய துணியால் பிடித்து, குழந்தைகளை நிறுக்கும் தராசுத் தட்டின் நடுவில் வைத்தார். 958. எடுத்துவிட்டு, பூஜ்யம் வரும்வரை காத்திருந்து, மறுபடி வைத்தார். 957. வலது மூலையில் வைத்தபோது 941.

“இருபது கிராம் ஏறுனாலே ஊரைக் கூட்டிச் சொல்லுவோம் அண்ணே. இங்க நாப்பது கிராமையே காணோமா?” என்றாள் கதவோரம் நின்ற தாய்.

“காணாமப் போகலம்மா. எங்கயோ ஒளிஞ்சிருக்கு.”

கடைத்தெருவில் அவருக்கு அரைக்கிராம் என்று பெயர். அப்பா கைத்தராசு செய்தவர். மின்னணுத் தராசை இவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடைகள் கழித்துப்போட்டவற்றைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டார். அவசரப்படுத்தும் கடைக்காரரிடம், “அப்ப கையாலயே தூக்கிப் பார்த்து வித்துக்குங்க” என்பார்.

தாயின் அவசரம் அப்படிப்பட்டதல்ல. குழந்தை எட்டு வாரம் முந்திப் பிறந்தவள். அப்போது ஆயிரத்து இருநூறு கிராம். ஆயிரத்து எண்ணூறைத் தாண்டினால் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்து வாரமாகத் தாய் இந்த மருத்துவமனையில், கணவன் பாதி நாள் வேலையிலும் பாதி நாள் வாசலிலும், நாலு வயது மூத்தவள் சித்தி வீட்டில். அவள் இப்போதெல்லாம் போனில் அம்மாவோடு பேச வருவதில்லை. நன்றாக ஏறிவந்த எடை நான்கு நாளாக 1745-ஐச் சுற்றியே நின்றது. பால் குடிக்கிறாள், ஆனால் ஏறவில்லை. நாளையும் இப்படியே இருந்தால் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. தராசையும் பார்த்துவிடலாம் என்றது சிஸ்டர்தான்.

அரைக்கிராம் தட்டைக் கழற்றினார். வலது விளிம்புக்கு அடியில், தராசின் உடம்போடு ஒட்டி, நான்காக மடித்த, காயத்துக்குக் கட்டுப்போடும் காஸ் துணி.

“இதை யாரு வச்சது?”

“நான்தாண்ணே” என்றார் சிஸ்டர். “தட்டு கடகடன்னு ஆடுது. சத்தம் கேட்டாலே இதுங்களுக்குத் தூக்கிவாரிப் போடுது. பாவமா இருந்துச்சு. துணிய வச்சுட்டு பூஜ்யம்கூட சரிபார்த்தேனே!”

“பூஜ்யம் சரிதான். புள்ளைய வச்சதும் கொஞ்சம் பாரத்தைத் துணி வாங்கிக்குது. மிச்சத்தைத்தானே தராசு சொல்லும்? எத்தனை நாளா?”

“நாலு நாள். ஆட்டம் முழுசா நிக்கலன்னு தினமும் ஒரு மடிப்பு கூட்டினேன், அவ ஏறுனதை எல்லாம் துணி முழுங்கிடுச்சு.” சிஸ்டரின் கண் கலங்கியது.

“அட, விடுங்க சிஸ்டர். சத்தத்துக்கு ஒரு வழி பண்ணாமப் போனா, நாளைக்கு நீங்க வேற துணி வைப்பீங்க.”

மெல்லிய ரப்பர் குழாயை நான்கு வளையங்களாக வெட்டி, தட்டைத் தாங்கும் நான்கு முளைகளிலும் மாட்டினார். ஒன்று மயிரிழை தடித்திருந்தது. எறிந்துவிட்டு வேறொன்று வெட்டினார். தட்டைப் பொருத்தி ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை. நடுவில் ஆயிரம். நான்கு மூலையிலும் ஆயிரம்.

“போதும்ணே, புள்ளைய வச்சுரலாம்” என்றாள் தாய்.

“ரெண்டு கிலோ இன்னும் பார்க்கல.”

“அவசரப்படுத்தாதம்மா, அரைக்கிராம்னு சும்மாவா பேரு வச்சாங்க?” என்றார் சிஸ்டர்.

இரண்டு கிலோவும் சரியாக நின்றது. தட்டைத் துடைத்துத் தராசைச் சிஸ்டர் பக்கம் நகர்த்தினார். “இப்ப நம்பலாம்.”

சிஸ்டர் தட்டில் கிடத்தியபோதும் குழந்தை கண் திறக்கவில்லை. 1830.

தாய் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “நாலு நாளா என்னை அழவச்சியேடி, பொய்க்காரி!”

“அவ பொய் சொல்லலம்மா” என்றார் அரைக்கிராம். பிறகு எடையைப் பார்க்க வந்து நின்ற டாக்டரம்மாவிடம், “நாலு நாளா இதுல எடை பார்த்த எல்லாக் குழந்தைக்கும் திரும்ப எடை பார்த்துடுங்கம்மா. மருந்தெல்லாம் எடையைப் பார்த்துத்தானே குடுப்பீங்க” என்றார்.

“இப்பவே” என்றார் டாக்டரம்மா. தாயின் பக்கம் திரும்பி, “நீ நாளைக்குக் கிளம்பலாம்” என்றார்.

செய்தி வராந்தாவுக்குப் போய்விட்டது. மற்ற தாய்மார்கள் கதவருகே கூடினார்கள். இரண்டாவது குழந்தைக்கு அறுபது கிராம் கூடியிருந்ததைக் கேட்டு அதன் பாட்டி கைதட்டப் போய், சிஸ்டர் முறைத்ததும் கையைக் கட்டிக்கொண்டார்.

மிச்சக் குழாயில் இன்னும் நான்கு வளையங்கள் வெட்டி, காகிதத்தில் மடித்துச் சிஸ்டர் கையில் கொடுத்தார் அரைக்கிராம்.

“தேஞ்சா இதை மாத்துங்க. துணி மட்டும் வேணாம்.”