சூரனுக்கு நான் கொடுத்த மகள்

ஆரணி, கபிலன், உங்கள் அப்பா நான் இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கோயில் மலரில் வருவதால் மற்றப் பிள்ளைகளும் வாசிக்கட்டும். முருகன் என் வேண்டுதலைக் கேட்டான் என்பதற்கு நானே சாட்சி. எப்படிக் கேட்டான் என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

2009 ஐப்பசி, கந்தசஷ்டி விரத நாட்கள். நாங்கள் லண்டன் கிங்ஸ்பரிக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கோயிலில் கந்தபுராணம் படித்துக்கொண்டிருந்தார்கள். கணேசு அண்ணை பாட்டை இராகத்தோடு படிப்பார், பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் அதன் கருத்தைச் சொல்வார். பயன் சொல்வது என்போம். அந்த வருடம் மாஸ்டருக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

"நாளைக்கு ஆர் பயன் சொல்லுறது?" என்று அண்ணை சாப்பாட்டு வரிசையில் நின்று கேட்டார்.

"எங்கட அப்பாக்குப் புராணம் எல்லாம் தெரியும், அங்கிள்!" என்றாள் ஆரணி.

வீட்டில் அப்படிச் சொல்லி வைத்தவன் நான்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டதை உங்களிடம் சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால் என் பிள்ளையைப் பொய்க்காரியாக்க மனம் வரவில்லை.

"ஓம், கொஞ்சம் தெரியும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து புராணத்தைத் திறந்தேன். தமிழ்தான். ஒரு வரியும் விளங்கவில்லை. உங்கள் அம்மா எட்டிப் பார்த்தா.

"என்னப்பா, புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறியளோ?"

"நேராத்தான் பிடிச்சிருக்கிறன்."

"அப்ப ஏன் முகம் அப்பிடிக் கிடக்கு?"

அப்போதுதான் சோபாவில் ஆரணியின் லைப்ரரிப் புத்தகத்தைக் கண்டேன். நம் பழைய கதைகளை வைத்து யாரோ ஆங்கிலத்தில் எழுதியது. பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம். ஜேர்மனியில் பத்து வருடம் பிட்சா போட்டுவிட்டு வந்தவனின் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. முருகா, வழி காட்டிவிட்டாய் என்று கும்பிட்டேன். சூரன் மயிலாகும் இடம் முடியும் வரை வாசித்தேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை.

அடுத்த நாள் மண்டபம் நிறையச் சனம். தடித்த புராணத்துக்குள் அந்தச் சின்னப் புத்தகத்தை ஒளித்து வைத்துக்கொண்டு மேடையில் இருந்தேன். அண்ணை ஒரு பாட்டைப் படித்து நிறுத்தினார். நான் தொடங்கினேன். சூரனுக்கு நீலா என்றொரு சின்ன மகள். அப்பா மயிலாகிவிட்டார் என்றதும், "இனி ஆர் எனக்குத் தலை வாரி இழுத்துவிடுறது?" என்று அழுதாள். மயில் ஒரு இறகை உதிர்த்து அவள் தலையில் செருகியது. அதனால்தான் இன்றைக்கும் மயில் இறகு உதிர்க்கிறது.

மண்டபத்தில் ஓடித் திரிந்த பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தா. கணேசு அண்ணை மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, சூரனுக்கு மகளோ? முப்பது வருசமாப் படிக்கிறன், நான் பொடியங்களைத்தான் கண்டனான். எந்தப் படலத்தில வருது?"

படலம் தேடுவது போலப் பக்கத்தைப் புரட்டினேன். முன் வரிசையில் ஆரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முருகா, என்னை இந்த மேடையிலிருந்து எடுத்துவிடு. வேறொன்றும் கேட்க மாட்டேன். கண்ணை மூடி இதைத்தான் வேண்டினேன்.

பயர் அலாரம் அடித்தது.

பிள்ளைகளே, இது உண்மை. மடப்பள்ளியில் வடைச் சட்டி புகைந்திருக்கிறது. எல்லோரும் வெறுங்காலோடு கார் பார்க்குக்கு ஓடினோம். நிலம் ஐஸ் போலக் குளிர்ந்தது. எனக்கோ சந்தோசம். வான் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். பொக்கெற்றைத் தடவினேன். திறப்புச் சாவி கோட்டுக்குள், கோட்டு மண்டபத்துக்குள்.

அதற்குள் பிள்ளைகள் என்னைச் சுற்றிவிட்டார்கள். "அங்கிள், நீலாக்குப் பிறகு என்ன நடந்தது?"

பின்னால் ஆரணி வந்தாள். எல்லோரும் உயிரைக் காப்பாற்ற ஓட, அவள் மேடைக்கு ஓடி லைப்ரரிப் புத்தகத்தைக் காப்பாற்றியிருந்தாள். நீலாவைத் தேடிக் கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டாள்.

"அப்பா, நீலா உண்மையான ஆள் இல்லையாம். எழுதினவர் தானே மேக் அப் பண்ணினதாம், கற்பனையாம். இதில போட்டிருக்கு."

கணேசு அண்ணை பக்கத்தில் வந்து நின்றார். ஓட இடமில்லை. குளிரில் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எட்டாம் வகுப்பையும் சொன்னேன். ஆரணி புத்தகத்தை மூடினாள். பிறகு, "எனக்கும் அந்தத் தமிழ் விளங்கேல்லை அப்பா, பரவாயில்லை" என்றாள்.

அண்ணை சிரித்தார். "நான் படிச்சு ஒரு பிள்ளையும் 'பிறகு என்ன' எண்டு கேட்டதில்லை. நாளைக்கும் வாரும். விடிய மாஸ்டர் வீட்டை போய்க் கேட்டுக்கொண்டு வாரும். குரல் இல்லாட்டியும் எழுதிக் காட்டுவார். சூரனுக்கு இன்னும் பிள்ளைகளைப் பெத்துக் குடுத்திடாதையும்."

நான் கேட்டது தப்பி ஓடுவதற்கு. முருகன் மேடையிலிருந்து இறக்கிவிட்டான், ஆனால் ஓடவிடவில்லை. அன்று தொடங்கி ஆரணியும் கபிலனும் நானும் தினமும் ஒரு பக்கம் வாசிக்கிறோம், புராணமும், அதைப் பார்த்து எழுதிய கதைப் புத்தகங்களும். கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பேன். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று விளங்காவிட்டால், தெரியாது என்று முருகனிடமே சொல்லிக் கேளுங்கள். யாரையாவது அனுப்புவான்.

அன்று எல்லோரும் போன பிறகு கோட்டை எடுக்க நான் மட்டும் உள்ளே போனேன். முருகன் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு பூவை எடுத்தேன். அந்த இல்லாத மகளுக்காக அதை மயிலின் காலடியில் வைத்துவிட்டு, மண்டப லைற்றை நிறுத்தினேன்.