இடப்பக்க முடிச்சு

பழைய சீனத்து ஜாவ் நாட்டு மன்னர் சொந்த அரண்மனையிலேயே அடைபட்டுப் பசியில் செத்துப் பல வருடமாயிற்று. அவர் கட்டளை போட்டு மாட்டவைத்த காற்சட்டையும் குட்டைச் சட்டையும் மட்டும் தலைநகர் ஹந்தானை விட்டுப் போகவேயில்லை. அவற்றைத் தைத்துத்தான் ஷுவாங் வயிறு வளர்த்தாள். வாங்க வருகிறவர்களிடம் சட்டையைச் சும்மா தூக்கிக் கொடுக்கமாட்டாள். தானே மாட்டி, இடப்பக்கம் நாடாவையும் கட்டிவிட்டுத்தான் அனுப்புவாள். கிழவிக்குக் கிறுக்கு என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்தக் கட்டளை வந்த வருடம் அவளும் சிரித்தவள்தான். குதிரைமேல் இருந்து அம்பு விட நீண்ட அங்கி தோதுப்படாது, வடக்கத்தி மேய்ச்சல்காரர்கள் உடுத்துவதுபோல் உடுத்துங்கள் என்றார் மன்னர். பெரிய வீட்டுக்காரர்கள் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார்கள். அவள் கணவன் காங் வெறும் வில்லாளி, அவனுக்கு அந்த வசதி இல்லை. காற்சட்டையைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சட்டையைத்தான் பொறுக்க முடியவில்லை. அது இடப்பக்கம் மூடியது. ஹந்தானில் பிணத்துக்குத்தான் அப்படி மூடுவார்கள். மூடி, திரும்ப அவிழாதபடி இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு வலப்பக்கம் மூடி, இழுத்தால் அவிழ்கிற முடிச்சு.

போருக்குப் புறப்படும் கணவனுக்கு மனைவிதான் நாடா கட்டவேண்டும். காங் கைகளை அகட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"கட்டி விடு ஷுவாங். குதிரைங்க காத்துக்கிட்டு நிக்குது."

"பொணத்துக்குக் கட்டுற மாதிரி என் கையால கட்டணுமா? உங்க ராஜாவையே வந்து கட்டச் சொல்லுங்க."

"அவரு வந்தா நீதான் கஞ்சி ஊத்தணும். ஒரு முடிச்சுதானடி."

"தலைகீழா நின்னாலும் மாட்டேன். வலப்பக்கம் மூடுற சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க, கட்டறேன்."

அவன் சிரித்துக்கொண்டே தானே கட்டிக்கொண்டான். முடிச்சு கோணலாக விழுந்தது. தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் அதற்குள் தினை புடைக்க உட்கார்ந்துவிட்டாள். கோபமில்லை, பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

பக்கத்து நாடான சோங்ஷானோடு நடந்த போரிலிருந்து அவனைப் பிணமாக மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர்கள் புது அங்கி எடுத்து வந்தார்கள். அவள் அதைத் தொடவில்லை. அவன் போட்டுக்கொண்டு போன சட்டையையே அலசி, காயவைத்து, தன் கையால் மாட்டினாள். இடப்பக்கம் மூடினாள். இப்போது அதுதான் முறை, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

நாடாவைக் கையில் எடுத்தாள். காங்கின் தம்பி பக்கத்தில் நின்றிருந்தான்.

"இறுக்கிப் போடுங்க அண்ணி. திரும்ப அவிழக் கூடாது."

அவள் இழுத்தால் அவிழ்கிற முடிச்சையே போட்டாள். தம்பி பதறிப்போய்க் கையைப் பிடித்தான்.

"விடுங்க," என்றாள். "இது அன்னிக்கு வாசல்ல கட்டியிருக்க வேண்டியது."