பத்து எண்ணும்வரை

அந்த டீச்சரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். விழுப்புரத்தில் சிறப்புப் பிள்ளைகளுக்கான பள்ளியில் என் மகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவர். இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவளைப் பதினாறு வருஷமாக வளர்ப்பது நான். அவள் சிரித்துக்கொண்டு ஓடுவது அவரிடம்.

என் மகள் பேசுவாள். கேட்டால் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். கேட்டவர்கள் முகம் மாறுவதற்குள் நானே சொல்லிவிடுவேன். அவளுக்கு அவமானம் வேண்டாமே என்றுதான். அவமானம் எனக்குத்தான் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "நேத்து வீட்ல இன்னா பண்ணே?" என்று கேட்டுவிட்டு டீச்சர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அப்பா மல்லாட்டை அவிச்சாரு," என்றாள் மகள், கடைசியில். "நான் உப்பு போட்டேன். நெறைய ஆயிடுச்சி."

எனக்கே தெரியாத சேதி. வேர்க்கடலை கரிக்கிறது என்று பாவம், என் வீட்டுக்காரரைப் பிடித்துத் திட்டியிருந்தேன். பெற்றவளிடம் சொல்லாததை இவரிடம் சொல்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"உங்ககிட்ட மட்டும் நல்லா பேசறா," என்றேன் டீச்சரிடம், குத்தலாக.

அவருக்கு உறைக்கவில்லை. "கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுவேங்க. காதுல வாங்கி, வார்த்தையைத் தேடிப் புடிக்க அவளுக்கு டைம் வேணும். நீங்க ரெண்டு எண்ணுறதுக்குள்ள முந்திக்கிறீங்க."

பெரிய இவள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திண்டிவனம் பஸ் ஏறினேன். ஓரமாக உட்கார்ந்திருந்த மகளிடம் கண்டக்டர், "எங்கம்மா போவணும்?" என்றார்.

வழக்கம்போல வாயெடுத்தேன். அந்த டீச்சரால் முடிந்தது என்னால் முடியாதா என்ற வீம்பில் மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு... ஐந்தில் கண்டக்டர் என் பக்கம் திரும்பினார். "ஜல்தி சொல்லுங்க." ஏழில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஒன்பதில், "திண்டிவனம்," என்றாள். "ரெண்டு பேரு."

டிக்கெட்டை அவள் கையில் கொடுத்த கண்டக்டர், என்னைக் காட்டி இரக்கமாகக் கேட்டார்: "அம்மாவுக்குப் பேச்சு வராதா?"

இதற்கு அவளுக்கு மூன்றுகூட ஆகவில்லை.

"வரும்," என்றாள். "ரொம்ப வரும்."