காங்கேயத்தில் இலை போடும் முன்பு

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் பையனை விசாரிப்பார்கள், நிலபுலத்தை விசாரிப்பார்கள். ஊரை விசாரிப்பவர்கள் குறைவு. என் தங்கை மகள் சுமதி ஊரைத்தான் விசாரித்தாள். 1995 மாசியில் நான் காங்கேயம் போனது அதனால்தான். நான் புவியியல் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருடம் அது.

சுமதி கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். காங்கேயத்தில் தேங்காய்ப் பருப்புக் களமும் எண்ணெய் மில்லும் வைத்திருந்த ஒரு குடும்பம் அவளைக் கேட்டிருந்தது. பையன் நல்லவன், ஜாதகமும் சரி. வீடு பார்த்துப் பேசி முடிக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். சுமதி ஒன்று மட்டும் சொன்னாள்: "பையனை நீங்க பாருங்க மாமா. ஊரை நான் பாக்கோணும். அங்க பொம்பளைங்க என்ன வேலை செய்யறாங்கன்னு தெரியாம நான் தலையாட்ட மாட்டேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். காபி குடிக்கலாம், அது கணக்கில் வராது. சோறு சாப்பிட்டால் பேச்சு முடிந்தது. ஆகவே சிவன்மலைக் கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சுமதியும் என்னோடு கிளம்பினாள். நான் அந்த வீட்டுக்கு, அவள் ஊருக்குள். மதியம் அவள் வந்து "பசிக்குதுங்க மாமா" என்றால் நான் உட்கார வேண்டும். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றால் எழுந்துவிட வேண்டும்.

கோவையிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் காங்கேயம் எழுபது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் பன்னிரண்டு ரூபாய் அளவில் இருந்ததாக நினைவு. சூலூர், பல்லடம் வழியாக இரண்டு மணி நேரம். பல்லடம் வரை விசைத்தறிச் சத்தம் சாலைக்கே கேட்கும். அதைத் தாண்டினால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள். வேலிக்குள் மாடுகள் மட்டும் நிற்கும், ஆளைப் பார்க்க முடியாது. அன்று திங்கட்கிழமை, சந்தை நாள். ஆகவே பஸ்ஸில் ஆட்கள் பாதி, கோழிக்கூடைகள் பாதி. ஊர் நெருங்குகிறது என்பதைக் கண்ணை மூடியிருந்தாலும் சொல்லிவிடலாம், காற்றில் தேங்காய் எண்ணெய் வாசம் ஏறிவிடும்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், சாலையோரக் களம் ஒன்றில் உடைத்த தேங்காய் மூடிகளை வெள்ளை வெளேரென்று பரப்பியிருந்தார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, காய்ந்த மூடியிலிருந்து பருப்பைத் தோண்டிக் கொட்டாங்குச்சியை ஒருபக்கம் வீசிக்கொண்டிருந்தார்கள். சுமதி அங்கேயே நின்றுவிட்டாள். நான் வீட்டைத் தேடிப் போனேன்.

நல்ல வீடு. பையனின் அப்பா வாசலுக்கே வந்து, "வாங்க, வாங்க. வெயில்ல வந்துட்டீங்களே" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். பையன் மரியாதையாகப் பேசினான். காபி வந்தது, குடித்தேன். அப்புறம்தான் சங்கடம். பன்னிரண்டு மணிக்கெல்லாம் சமையலறையில் தாளிக்கும் சத்தம் கேட்டது. சுமதியைக் காணோம். நேரத்தைக் கடத்த எனக்குத் தெரிந்த ஒரே வழி பாடம் கேட்பதுதான். தென்னை அதிகம் இல்லாத ஊரில் இத்தனை எண்ணெய் மில் எப்படி வந்தது என்று ஆரம்பித்தேன்.

அவர் உற்சாகமாகிவிட்டார். "பொள்ளாச்சியில காய் இருக்குதுங்க, மழையும் இருக்குது. மலையாளத்துலயும் அப்படித்தான். பருப்புக் காய வெயிலும் காத்தும் வேணுமல்லங்க? எங்களுக்கு மழை இல்லாததுதான் மொதலு."

முப்பத்தைந்து வருடம் மழை நிழல் பகுதி என்று பாடம் நடத்தியிருக்கிறேன். மழை இல்லாததை முதலீடு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்து, ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். சோளமும் கம்பும் விதைத்தவர்கள் கிணறு வற்றியதும் மில் பக்கம் வந்தார்களாம். தோட்டங்களில் கூலிக்கு இருந்த இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது லாரி ஓட்டுகிறார்கள், திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போகிறார்கள், ஒருவர் ஒர்க்ஷாப்பே வைத்துவிட்டார். தெலுங்கு பேசும் குடும்பங்களில் சிலர் பஞ்சு மில் போட்டார்கள். களங்களில் கொட்டகை போட்டுத் தங்கியிருப்பவர்கள் தெற்கே வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். மாட்டு வியாபாரம் தனி. நான் ஒவ்வொன்றுக்கும் உதாரணம் கேட்டேன், அவரும் சளைக்காமல் சொன்னார்.

அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். பையனின் அம்மா, "பாடம் அப்புறம் கேக்கலாமுங்க, சோறு ஆறிப்போவும்" என்றார். நான் அரிசி மில்களைப் பற்றிக் கேட்டேன்.

அப்போதுதான் வாசலில் சுமதி. புடவைத் தலைப்பெல்லாம் பருப்புத் தூள். போட்டோவில் பார்த்திருந்ததால் அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரிந்து முகம் மலர்ந்துவிட்டது. சுமதியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்தார். மூத்த மருமகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சுமதி சுற்றி வளைக்கவில்லை. "கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போலாமுங்களா? இங்க மில்லுலயே கணக்குப் பாத்தாலும் சரிதானுங்க" என்று கேட்டாள்.

அந்த அம்மா சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு. "அந்தத் தேவை உனக்கு எதுக்கு கண்ணு? மூத்தவளும் டிகிரி முடிச்சவதான். ஒரு நாள் வெளிய அனுப்பியிருப்பமா, கேட்டுப் பாரு."

மூத்த மருமகள் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையன் அப்பாவைப் பார்த்தான், அப்பா இலையைப் பார்த்தார்.

"மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றாள் சுமதி.

நான் எழுந்தேன். போட்ட இலையை விட்டு எழுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் பையனின் அப்பா முந்திக்கொண்டார்.

"உக்காருங்க. புள்ளை மனசுல இருக்கறதச் சொல்லிப்போட்டுது, அது நல்லதுதானுங்க. சம்மந்தியா வேண்டாம், ஊரு பாக்க வந்தவங்களாச் சாப்புடுங்க. காங்கேயத்துல இருந்து ஒருத்தர் பசியோட பஸ் ஏறுனாருன்னு பேரு வேண்டாமுங்க."

சாப்பிட்டோம், இரண்டு பேரும். பையன்தான் பரிமாறினான். கை நனைத்தும் சம்மதம் ஆகாத சாப்பாடு என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

பஸ்ஸுக்காக நிற்கும்போது சுமதி களத்தில் கேட்டதைச் சொன்னாள். சரசு என்று ஒரு அம்மாளாம், பருப்புத் தோண்டிக்கொண்டே இந்த வீட்டைப் புகழ்ந்திருக்கிறார்: "குடுத்து வெச்ச ஊடு அம்மணி. மருமகளுக மேல வெயிலே படாது. வெயிலு வேணுங்கறது பருப்புக்கும் எங்களுக்குந்தான்." சுற்றியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். தான் யார் என்று சொல்லாமல் சுமதியும் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"ஊரு நல்லாருக்குதுங்க மாமா," என்றாள். "அத்தனை பொம்பளைங்க வேலை செய்யற ஊரு. அந்த ஊடு மட்டும் ஊருக்குள்ள இல்ல." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னாள். நாங்கள் கை கழுவும்போது தண்ணீர் ஊற்றிய மூத்த மருமகள், யாருக்கும் கேட்காத குரலில், "உங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாங்க?" என்று கேட்டாளாம்.

சுமதிக்கு மறுவருடம் பல்லடத்தில் கல்யாணம் ஆயிற்று. வேலையை விடவில்லை.

இப்படி ஊர் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காங்கேயத்துக்குச் சந்தை நாளில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போனால் சாத்திய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் சிவன்மலையையும் பார்த்துவிடலாம், ஐந்து கிலோமீட்டர்தான். களத்துக்குள் செருப்போடு நடக்காதீர்கள். ஊர் எதனால் வாழ்கிறது என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள், நன்றாகவே சொல்வார். அந்த வீட்டில் எப்படி வாழலாம் என்பதை மட்டும் கை கழுவத் தண்ணீர் ஊற்றுகிறவரிடம் கேளுங்கள். அதை இலையில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.